தடுப்பூசி ஃப்ரிட்ஜ்: சூட்டைவிட உறைதலுக்கு அஞ்சுங்கள் (டர்பன் கிளினிக்குகளுக்கும் மருந்தகங்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி)

டர்பனின் டிசம்பர் புழுக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தடுப்பூசி என்றதும் சூட்டைப் பற்றித்தான் கவலை. கரண்ட் போனால் பதறுகிறோம், மருந்து வண்டி தாமதமானால் பதறுகிறோம். ஆனால் ஃப்ரிட்ஜின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு இரவோடு இரவாக உறைந்து, காலையில் உருகி, ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும் ஹெக்ஸாவேலன்ட் (ஆறு நோய்க்கு ஒரே ஊசி) பெட்டியைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. "2 முதல் 8 டிகிரி" என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடும் ஊழியர்கள்கூட, எந்த மருந்து சூட்டில் கெடும், எது குளிரில் கெடும் என்று கேட்டால் தயங்குகிறார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஐசிபிங்கோ பக்கம் தடுப்பூசி ஃப்ரிட்ஜின் சாவியை வைத்திருக்கும் சிஸ்டர்கள், மருந்தாளர்கள், உதவியாளர்கள் எல்லோருக்கும் இது.

எது எதற்கு அஞ்சும்

சூட்டுக்கு முதலில் பலியாவது வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து. அடுத்து தட்டம்மை-ரூபெல்லா ஊசி, பி.சி.ஜி. இந்த இரண்டும் தூளாக வருபவை. வெளிச்சமும் இவற்றுக்கு ஆகாது. அதனால்தான் குப்பி பழுப்புக் கண்ணாடியில் வருகிறது. தூளாக இருக்கும்வரை உறைந்தாலும் இவற்றுக்குக் கேடில்லை. கரைத்துவிட்டால் கதை வேறு, அதைப் பின்னால் பார்ப்போம்.

குளிருக்கு அஞ்சுபவைதான் கூட்டத்தில் அதிகம். ஹெக்ஸாவேலன்ட், நிமோகாக்கல், டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்), எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு), ஹெப்படைட்டிஸ் பி ஆகிய எல்லாவற்றிலும் அலுமினிய உப்பு இருக்கிறது. ரோட்டா சொட்டு மருந்தில் அது இல்லை, ஆனால் அதையும் உறைய விடக்கூடாது. தென்னாப்பிரிக்க அட்டவணைப்படி ஆறு வாரக் குழந்தை ஒரே நாளில் போலியோ சொட்டு, ரோட்டா, ஹெக்ஸாவேலன்ட், நிமோகாக்கல் என நான்கு மருந்து வாங்குகிறது. அந்த நான்கில் மூன்று, உறைந்தால் போயிற்று. ஃப்ரிட்ஜ் குமிழைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

உறைந்தால் உள்ளே என்ன ஆகிறது? அலுமினிய உப்பின் நுண்துகள்கள் மருந்தின் புரதத்தைத் தம்மேல் பிடித்துக்கொண்டு நீரில் மிதக்கின்றன. நீர் பனியாகும்போது படிகங்கள் வளர்ந்து இந்தத் துகள்களை ஒன்றோடொன்று நெருக்கித் திரட்டிவிடுகின்றன. மறுபடி உருகினாலும் திரண்டது பிரிவதில்லை. திரிந்த பால் மீண்டும் பாலாகாதது மாதிரி. ஹெப்படைட்டிஸ் பி மருந்து மைனஸ் 0.5 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். ஊசி போட்டால் குழந்தை வழக்கம்போல் அழும், புத்தகத்தில் முத்திரை விழும், தாய் நன்றி சொல்லிப் போவார். பாதுகாப்பு மட்டும் இருக்காது. அது தெரியவரும்போது எந்தக் கிளினிக், எந்தக் குப்பி என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃப்ரிட்ஜைத் தேர்ந்து வைப்பது

பார் ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். ஒற்றைக் கதவு, உள்ளே மேல்மூலையில் சின்னப் பனிப்பெட்டி உள்ள வகையைச் சொல்கிறோம். பனிப்பெட்டிக்கு அடியில் மைனஸ், கதவோரம் 10 என்று ஒரே தட்டில் பல பருவம் அதில் இருக்கும். தடுப்பூசிக்கென்றே செய்த ஃப்ரிட்ஜ்தான் முதல் தேர்வு. பணமில்லை என்றால் மேலே தனி ஃப்ரீசரும் தனிக் கதவும் உள்ள வீட்டு ஃப்ரிட்ஜ், அதுவும் கீழே வரும் கட்டுப்பாடுகளோடு. கரண்ட் அடிக்கடி போகும் இடத்துக்கு மேலே திறக்கும் ஐஸ்-லைன்டு வகை தனி வரம். சுவருக்குள் உள்ள பனிப்படலத்தால் ஒரு நாளில் 8 மணி நேரம் கரண்ட் கிடைத்தாலே தாக்குப்பிடிக்கும்.

நிழலான அறை, சன்னல் வெயில் படாத சுவர். பின்னாலும் பக்கங்களிலும் ஒரு கைச்சாண் இடைவெளி விடுங்கள். ஃப்ரிட்ஜ் உள்ளிருந்து எடுக்கும் சூட்டை அந்த வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. தரை மட்டமாக இருக்கட்டும். சுவர் சாக்கெட் அதற்கு மட்டுமே. எக்ஸ்டென்ஷன் கம்பியோ பல சொருகியோ கூடாது. சொருகிமேல் டேப் ஒட்டி "பிடுங்காதீர், தடுப்பூசி" என்று ஆங்கிலத்திலும் ஜுலுவிலும் எழுதுங்கள். தரை மெழுகும் இயந்திரத்துக்கு இடம் தேடி வருபவர் தமிழ் படிக்கமாட்டார்.

தனியார் இடங்களில் ஒரு விஷயம் தப்பிவிடுகிறது: ப்ரீபெய்ட் மீட்டர். வெள்ளி மாலை யூனிட் தீரும் நிலையில் கடையைப் பூட்டிப் போனால் திங்கள் காலை உள்ளே போகும்போது ஃப்ரிட்ஜ் அறைச் சூட்டில் இருக்கும். மின்வாரியமான எஸ்காமையும் நகராட்சியையும் திட்டுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேலைப் பட்டியலில் "மீட்டர் யூனிட்" என்று ஒரு வரி சேருங்கள்.

அடுக்குவது

வீட்டு ஃப்ரிட்ஜில் மேல்தட்டு, அதாவது ஃப்ரீசருக்கு நேர் கீழே, போலியோ சொட்டு, தட்டம்மை-ரூபெல்லா, பி.சி.ஜி. அங்கே கொஞ்சம் அதிகம் குளிர்ந்தாலும் இவை தாங்கும். நடுத்தட்டுகளில் குளிருக்கு அஞ்சும் கூட்டம் முழுவதும். அதற்குக் கீழே டைலுவன்ட், அதாவது தூள் மருந்தைக் கரைக்கும் திரவம். அடியில் காய்கறிப் பெட்டியைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டிகளை நெருக்கமாக அடுக்குங்கள். கதவுத் தட்டுகளிலும் தண்ணீர்ப் புட்டிகள்தான். மருந்து ஒருபோதும் இல்லை. கதவு ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறதோ அத்தனை முறை அங்கே சூடு ஏறி இறங்கும். உள்ளே தண்ணீர் கனத்தால் கரண்ட் போன பிறகும் குளிர் மெதுவாகத்தான் குறையும். தண்ணீரில் உணவுச் சாயம் ஒரு சொட்டு கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெயில் நாளில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

மேலே திறக்கும் வகையில் கணக்கு தலைகீழ். அடிப்பகுதியும் பக்கச்சுவரும்தான் கடுங்குளிர். குளிருக்கு அஞ்சுபவை கூடைக்குள், மேலே. கூடையில்லாமல் தரையில் கொட்டிவைத்தால் அடிப்பெட்டிகள் உறையும். வீட்டு ஃப்ரிட்ஜில் பழகியவர் புது ஃப்ரிட்ஜ் வந்ததும் பழைய வரிசையிலேயே அடுக்குவதால் நேரும் இழப்பு இது.

எந்தப் பெட்டியும் சுவரைத் தொடக்கூடாது. பின்சுவரிலிருந்து நான்கு விரல், பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு விரல். கொள்ளளவில் பாதிக்குமேல் போனால் காற்று சுழல்வதற்குத் திணறும். காலாவதி முன்னதாக உள்ளது முன்னால். ஆனால் குப்பியில் வி.வி.எம். (பட்ட சூட்டை நிறமாற்றத்தால் காட்டும் ஒட்டுக்குறி) இருந்து அது அதிகம் கருத்திருந்தால், காலாவதி பிந்தியதாக இருந்தாலும் அதுவே முதலில் போக வேண்டும்.

சாப்பாடு வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிட முக்கியம், வேறு மருந்து வைக்காதீர்கள். 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் தட்டம்மை மருந்தின் டைலுவன்டுக்குப் பதிலாக, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படும் அட்ராகியூரியம் கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தார்கள். குப்பிகள் ஒன்றுபோல் இருந்தால் அவசரத்தில் கை எதையும் எடுக்கும். இன்சுலினோ ஆக்ஸிடோசினோ இருந்தாக வேண்டுமானால் வேறு ஃப்ரிட்ஜ் கேளுங்கள். கிடைக்கும்வரை மூடியுள்ள தனி டப்பாவில், தனித் தட்டில், பெரிய எழுத்தில் பெயரெழுதி வையுங்கள்.

வெப்பநிலையைப் படிப்பது

நாளுக்கு இரண்டு முறை: காலையில் கதவைத் திறக்கும் முன், மாலையில் பூட்டும் முன். எண்ணை மட்டும் எழுதினால் பாதி வேலைதான். இப்போதைய அளவு, கடைசியாகப் பார்த்ததிலிருந்து மிகக் குறைந்தது, மிக அதிகமானது என மூன்றையும் எழுதுங்கள். காலை 8 மணிக்கு 4 டிகிரி காட்டும் ஃப்ரிட்ஜ் விடிகாலை 3 மணிக்கு மைனஸ் 1-இல் இருந்திருக்கலாம். பாதரசக் குச்சி அதைச் சொல்லாது. சென்சார் நடுத்தட்டில், குளிருக்கு அஞ்சும் மருந்துகளுக்கு நடுவே இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜ்-டேக் 2 போன்ற முப்பது நாள் பதிவுக் கருவி இருந்தால் அதன் எச்சரிக்கையின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து 10 மணி நேரம் 8 டிகிரிக்கு மேல் இருந்தால் சூட்டு எச்சரிக்கை. மைனஸ் 0.5 அல்லது அதற்குக் கீழே 60 நிமிடம் இருந்தால் உறைதல் எச்சரிக்கை. சூட்டுக்குப் பத்து மணி நேரம், உறைதலுக்கு ஒரே மணி நேரம். எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்று கருவியே சொல்கிறது. ஒவ்வொரு மாதமும் பதிவைக் கணினியில் இறக்கிக் கோப்பில் வைத்தால் ஆய்வுக்கு வருபவர்களிடம் கையெழுத்துக் காகிதத்தைத் தேடிக் கொடுக்கத் தேவையில்லை.

பதிவேட்டில் முப்பது நாளும் காலை 5, மாலை 5 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அது நல்ல ஃப்ரிட்ஜ் அல்ல, படிக்காமல் நிரப்பிய பதிவேடு. உண்மையான ஃப்ரிட்ஜ் 3-க்கும் 7-க்கும் இடையில் ஆடும்.

இப்போது குமிழ். பல ஃப்ரிட்ஜ்களில் 1 முதல் 5 அல்லது 7 வரை எண் இருக்கும். அது டிகிரி அல்ல. எண் கூடக் கூடக் குளிரும் கூடும். "5 டிகிரி வேண்டும்" என்று குமிழை 5-இல் வைத்து உறைய வைத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாடிக்கையாக நடப்பது இதுதான்: பிப்ரவரி மதியம், 9 காட்டுகிறது. கதவு பத்து முறை திறந்ததால் ஏறிய சூடு. ஒருவர் குமிழைத் திருப்பிக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். இரவு யாரும் கதவைத் திறப்பதில்லை, அறையும் குளிர்கிறது, கூட்டிவைத்த கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது. விடிகாலையில் மைனஸ். கரண்ட் போய்த் திரும்பிய பிறகும் இதே தவறு. எனவே விதி ஒன்று: குமிழைத் தொடுவதற்கு ஒருவருக்கு மட்டும் உரிமை, அதுவும் காலையில் மட்டும். கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. திருப்பினால் தேதி, நேரம், பழைய எண், புது எண் பதிவேட்டில். மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை விளைவைப் பார்த்த பிறகுதான் அடுத்த திருப்பம். சரியான இடம் கிடைத்ததும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள்.

சரக்கு வரும்போது

பெட்டி வந்தவுடன், ஓட்டுநர் நிற்கும்போதே திறங்கள். மருந்தின் பெயர், எண்ணிக்கை, தொகுதி எண், காலாவதி, வி.வி.எம். நிலை, உள்ளே வந்த வெப்பநிலைக் கருவி. டைலுவன்ட் எண்ணிக்கை குப்பி எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா, அதே தயாரிப்பாளருடையதா என்றும் பாருங்கள். குளிர்ப்பைகள் கட்டித்துப்போய்ப் பனிப்பூச்சோடு, மருந்துப் பெட்டியில் நேராக ஒட்டியிருந்தால் அங்கேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு சொன்னால் உங்கள் ஃப்ரிட்ஜில் உறைந்ததாகத்தான் முடியும். கையில் ஒரு மாதத் தேவைக்கு மேல் சேர்க்காதீர்கள். நிறைய வைத்திருப்பது பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஃப்ரிட்ஜ் போனால் நிறையவே போகும்.

வி.வி.எம். படிப்பது எளிது: வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்தையே எட்டிவிட்டாலோ அதைவிடக் கருத்தாலோ தூக்கி எறியுங்கள். அந்த நிறமாற்றம் பின்னோக்கி வராது. ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளிறிவிடும் என்று காத்திருப்பது வீண். இரண்டு எச்சரிக்கை. எல்லாக் குப்பியிலும் இது ஒட்டப்பட்டிருக்காது, தனியார் சந்தையில் வாங்கியதில் இல்லாமலே இருக்கலாம். இன்னொன்று, இது சூட்டை மட்டும்தான் எண்ணும். உறைந்து கெட்ட ஹெக்ஸாவேலன்ட் குப்பியிலும் சதுரம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

கரைப்பதும் திறந்த குப்பியும்

டைலுவன்டை முந்தைய நாளே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அறைச் சூட்டில் உள்ளதை ஊற்றினால் தூளிலுள்ள உயிர்க்கிருமி அங்கேயே அடிபடும். ஃப்ரீசரில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும். ஒரு தயாரிப்பாளரின் தூளுக்கு இன்னொருவரின் டைலுவன்ட் ஆகாது. "தண்ணீர்தானே" என்பது தப்பு. சிலவற்றில் உப்பு இருக்கும், நிலைப்படுத்தி இருக்கும்.

கரைத்த தட்டம்மை-ரூபெல்லாவும் பி.சி.ஜி.யும் 6 மணி நேரம் அல்லது அன்றைய அமர்வு முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரை. குப்பிமேல் கரைத்த நேரத்தை எழுதுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். இவற்றில் கிருமிக்கொல்லி கிடையாது. உள்ளே நுழைந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் பெருகி நச்சு சுரந்தால் ஊசி போட்ட குழந்தை சில மணி நேரத்தில் கடும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அதிர்ச்சியுமாக விழும். 2017-இல் தெற்குச் சூடானின் கபோயெட்டா பகுதியில் நான்கு நாள் ஒரே சிரிஞ்சை வைத்து, குளிரூட்டாத மருந்தைப் போட்டதில் 15 குழந்தைகள் இறந்தார்கள். "குப்பியில் மீதம் இருக்கிறதே, வீணாகுமே" என்ற நல்ல எண்ணத்தை இந்த இரண்டு மருந்திடம் காட்டக்கூடாது. ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும். திருப்பி அனுப்பிய குழந்தை மறுபடி வராமல் போவது ஒரு குப்பியைவிடப் பெரிய நட்டம்.

பல டோஸ் திரவக் குப்பிகள் வேறு. கிருமிக்கொல்லி உள்ளவற்றையும் போலியோ சொட்டையும் திறந்த பிறகு 28 நாள்வரை வைத்துப் பயன்படுத்தலாம். காலாவதி ஆகாமல், வி.வி.எம். சரியாக, 2-8 டிகிரியில் இருந்து, ரப்பர் மூடி தண்ணீரில் மூழ்காமல் இருந்தால் மட்டும். திறந்த தேதியை எழுதாத குப்பிக்கு இந்த விதி பொருந்தாது, அதைத் தள்ளிவிடுங்கள்.

குளிர்ப்பெட்டியும் ஐஸ் பேக்கும்

பள்ளிக்கு எச்.பி.வி. போடப் போகும் நாள், கிரெஷ் அமர்வு, ஃப்ரிட்ஜ் கழுவும் நாள், கரண்ட் போன நாள் எல்லாவற்றுக்கும் பெட்டி வேண்டும். அங்கேதான் அதிக மருந்து உறைகிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கின் மேற்பரப்பு மைனஸ் 20 அருகில் இருக்கும். அதன் பக்கத்தில் வைத்த எச்.பி.வி. குப்பி பள்ளிக்குப் போய்ச்சேருவதற்குள் உறைந்துவிடும்.

செய்முறை இது. பேக்குகளில் கோடுவரை மட்டும் குழாய்த் தண்ணீர். பனி விரிய இடம் வேண்டும். உப்புச் சேர்க்காதீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் ப்ராய்க்கும் (வெளியில் இறைச்சி சுடும் விருந்து) பிக்னிக்குக்கும் விற்கும் நீலநிற ஜெல் கட்டிகள் வேண்டாம். சிலவற்றின் உருகுநிலை பூஜ்யத்துக்குக் கீழே. ஃப்ரீசரில் செங்குத்தாக 24 மணி நேரம். அமர்வு நாளில் முன்னதாக எடுத்து மேசையில் துண்டுத் துணிமேல் ஒற்றை வரிசையில், ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். முதலில் மேலே வெள்ளைப் பனிப்பூச்சு படியும். பிறகு அது கரைந்து வியர்வைபோல் நீர்த்துளி வரும். அப்போதும் அவசரப்படாதீர்கள். ஒரு பேக்கைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பனிக்கட்டி அசைந்து தண்ணீர் "களக் களக்" என்று கேட்டால் தயார். அப்போது மேற்பரப்பு பூஜ்யத்தில் நிற்கும். டர்பன் கோடையில் முக்கால் மணி நேரத்துக்குள் ஆகலாம், ஜூலையில் நியூகாசிலில் இரண்டு மணி நேரமும் பிடிக்கலாம். கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். ஒரு பேக் மட்டும் சத்தம் கொடுத்தால் போதாது, ஒவ்வொன்றையும் குலுக்குங்கள்.

பயணம் சிறியது, பெட்டி நல்லது என்றால் இன்னும் பத்திரமான வழி உண்டு: உறைய வைக்காமல் ஃப்ரிட்ஜில் குளிர வைத்த தண்ணீர்ப் பேக்குகள். உறைதல் பயமே இல்லை. கோடையில் சில மணி நேரம்தான் தாங்கும், அதனால் போலியோ சொட்டு உள்ள நாளில் வேண்டாம்.

பேக்குகளைச் சுவர்களில் செருகி, நடுவில் மருந்தை அதன் அட்டைப்பெட்டியோடு அல்லது பிளாஸ்டிக் பையில் வைத்து, வெப்பமானி போட்டு, மேலே நுரைத் திண்டு. திறந்த குப்பி திண்டின் பிளவில் நிற்கும், மூடியைத் திறந்தாலும் உள்ளே குளிர் தப்பாது. கடையில் வாங்கிய கூலர் பாக்ஸை மேசைமேல் பனிக்கட்டி நிரப்பிக் குப்பியை அதில் புதைத்து வைப்பது பழைய பழக்கம். மூடி நனையும், லேபிள் உரியும், மருந்தும் உறையும். பெட்டி பக்கியின் (பிக்கப் வண்டி) பின்புறம் திறந்த வெயிலில் போகக்கூடாது. முன்சீட்டுக்குக் கீழே, ஏசி நேராக வீசாத இடத்தில்.

கரண்ட் போனால்

2022, 2023-இல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, ஸ்டேஜ் 6 வரை போனதைப் பார்த்துவிட்டோம். 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் லோட்ஷெடிங் இல்லாமல் போனபோது பல இடங்களில் அவசரத் திட்டத்தைக் கோப்போடு மூடிவைத்துவிட்டார்கள். ஆனால் கேபிள் திருட்டு, ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிப்பு, 2022 ஏப்ரல் வெள்ளம் போன்றவற்றுக்கு நேர அட்டவணை கிடையாது. அந்த வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படியொரு காலத்தில் ஐஸ் பேக் நிரப்பவும் தண்ணீர் தேடித்தான் ஆக வேண்டும். நிரப்பிய பேக்குகளை எப்போதும் ஃப்ரீசரில் வைத்திருங்கள்.

உங்கள் ஃப்ரிட்ஜ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று இப்போதே அளந்து வையுங்கள். ஃப்ரிட்ஜ் கழுவும் நாளுக்கு முன், மருந்தைப் பெட்டிக்கு மாற்றி, தண்ணீர்ப் புட்டிகள் உள்ளேயே இருக்கச் சுவிட்சை அணைத்து, கதவைத் திறக்காமல் 8 டிகிரியைத் தொட எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். கோடையில் ஒருமுறை, குளிரில் ஒருமுறை. அந்த எண்ணைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை கரண்ட் போனால் ஊகிக்க வேண்டியதில்லை.

போனவுடன்: நேரத்தை எழுது, கதவில் "திறக்காதே" ஒட்டு, ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வியர்க்க விடு. அளந்து வைத்த நேரத்தில் பாதி போனதும் கரண்ட் வரவில்லை என்றால் பெட்டிக்கு மாற்று. முதலில் பதறி மாற்றுபவர்கள் வியர்க்காத பேக்கோடு மாற்றி உறைய வைப்பதுதான் வாடிக்கை. திரும்ப வரும்போது மின்னழுத்தம் எகிறும். சர்ஜ் பாதுகாப்பு இல்லாவிட்டால் சொருகியைப் பிடுங்கிவைத்து, வந்து 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். 5 டிகிரிக்கு இறங்கி நிலைத்த பிறகே மருந்து உள்ளே. குமிழைத் தொடவேண்டாம். இன்வெர்ட்டர் வாங்குவதானால் கம்ப்ரஸர் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு என்பதைச் சொல்லி வாங்குங்கள்.

எல்லை மீறினால்

எறியவும் வேண்டாம், போடவும் வேண்டாம். 2-8 டிகிரி உள்ள வேறு இடத்துக்கு மாற்றி, "தீர்ப்பு வரும்வரை பயன்படுத்தாதே" என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒரு தாளில்: எப்போது கவனித்தீர்கள், மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு, எவ்வளவு நேரம், மருந்துவாரியாக எண்ணிக்கை, தொகுதி எண், காலாவதி, வி.வி.எம். நிலை. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட மருந்தகத்தையோ தயாரிப்பாளரையோ அழையுங்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் அழைத்தால் முழுவதையும் எறியத்தான் சொல்வார்கள். முன்பு ஒருமுறை சூடான தொகுதி என்றால் அதையும் சொல்லுங்கள். சூட்டின் சேதம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

உறைந்ததாகச் சந்தேகம் இருந்தால் குலுக்குச் சோதனை. அலுமினியம் உள்ள மருந்துக்கு மட்டும் இது. ரோட்டா, தட்டம்மை, போலியோவுக்குப் பொருளில்லை. கட்டியாக உறைந்ததைக் கண்ணாலேயே பார்த்துவிட்டால் சோதனையே வேண்டாம், நேராகக் கழிவுக்கு. சந்தேகக் குப்பியின் அதே தயாரிப்பாளர், அதே மருந்து, அதே தொகுதியில் ஒரு குப்பியை எடுத்து "உறைந்தது, போடாதே" என்று எழுதி இரவு முழுதும் ஃப்ரீசரில் கல்லாக்குங்கள். காலையில் அறைச்சூட்டில் முழுதாக உருகட்டும், வெந்நீரில் வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே கையில் பிடித்து 10-15 விநாடி குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே அசையாத மேசையில் நிறுத்துங்கள். உறைந்த குப்பியில் சில நிமிடங்களில் மேலே தெளிநீரும் அடியில் மாவுபோல் படிவும் பிரியும். சந்தேகக் குப்பி அதைவிட மெதுவாக, பால்போல் கலங்கியே நின்றால் தேறியது. அதே வேகத்திலோ இன்னும் வேகமாகவோ படிந்தால் கெட்டது. அரை மணி நேரம்வரை பாருங்கள். லேபிள் பார்வையை மறைத்தால் குப்பியைத் திருப்பிப் பாருங்கள், படிவு பின்பக்கம் ஒளிந்திருக்கும்.

நீண்ட விடுமுறை

ஃப்ரீசரில் பனி அரை செ.மீ. தடித்தால் கரைக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகும். விடுமுறைக்கு முந்தைய வாரமே கரைத்துக் கழுவி, ஓரிரு நாள் நிலைத்து ஓடுகிறதா என்று பாருங்கள். பூட்டுகிற அன்று கரைக்காதீர்கள்.

ஈஸ்டர் நான்கு நாள்தான் இங்கே பெரிய சோதனை. புனித வெள்ளியன்று ஐசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் கோயிலில் பாதி ஊரே இருக்கும். கிளினிக் பக்கம் யாரும் வரமாட்டார்கள். வியாழனன்றே பெயர் போட்டுவிடுங்கள்: வெள்ளி யார், சனி யார், ஞாயிறு யார், திங்கள் யார். உள்ளே போய்ப் படிக்கச் சாவியில்லாதவர் பெயரைப் போடாதீர்கள். காவலாளிக்குக் கருவியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்: திரையில் சரி என்ற குறி இருந்தால் விடு, எச்சரிக்கைக் குறி வந்தால் இந்த எண்ணுக்கு அழை, எதையும் திருகாதே, கதவைத் திறக்காதே. அவரைக் கருவிக்கு முன் நிறுத்தி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

செவ்வாய்க் காலை முதலில் வருபவர் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் திரையைப் படித்து, நான்கு நாளின் குறைந்ததையும் அதிகமானதையும் எழுதி, கரண்ட் போய் வந்ததா என்று சுவர்க் கடிகாரத்தையும் மைக்ரோவேவின் நேரத்தையும் ஒருமுறை பார்க்கட்டும். அதன் பிறகு வாசலில் காத்திருக்கும் முதல் குழந்தையைக் கூப்பிடலாம்.